தலைதட்டி அளந்த பால்மாவு

அதிகாலை மூன்றரை மணி. தொட்டிலில் மகள் சிணுங்கத் தொடங்குகிறாள். சிணுங்கல் அழுகையாக மாற ஒரு நிமிடம், அழுகை அலறலாக மாற இன்னொரு நிமிடம். அதற்குள் பால் புட்டி அவள் வாய்க்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் மனைவி எழுவார், அம்மா எழுவார், அடுத்த வீட்டு நாயும் எழும்.

காலை ஆறு மணி வானொலி நிகழ்ச்சி என்னுடையது. ஐந்தேகாலுக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அதனால் மூன்றரை மணிப் பால் என் பொறுப்பு என்று வீட்டில் முடிவானது. சட்டப்படி அப்பாக்களுக்குக் கிடைக்கும் 7 நாள் விடுப்பு, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மனைவிக்குத் தாய்ப்பால் போதவில்லை. முடிந்தவரை தாய்ப்பால், மீதிக்குப் பால்மாவு என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

வேகம் எனக்குப் புதிதல்ல. செய்திக்கு முன் இருபது விநாடி இருக்கிறது என்றால், பத்தொன்பதாவது விநாடியில் வாக்கியத்தை முடிப்பது என் பிழைப்பு. அந்தத் திமிரோடுதான் பாலும் கலக்கினேன். டின்னைத் திற, நான்கு கரண்டி அள்ளிப் புட்டியில் போடு, 120 கோடு வரை வெந்நீர் ஊற்று, குலுக்கு. நாற்பது விநாடி. மனைவியிடம் பெருமையாகச் சொல்லியும் காட்டினேன்.

தாதி கேட்ட கேள்வி

இரண்டாவது மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக் போனபோது மகளுக்கு மலச்சிக்கல். பால் குடித்து முடித்த அரை மணி நேரத்தில் மறுபடி அழுகிறாள் என்று மனைவி சொன்னார். பசிதான் என்று நினைத்து நாங்கள் இன்னும் கொஞ்சம் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அங்கிருந்த மூத்த தாதி குழந்தையைப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "வீட்டில் பால் கலப்பது யார்?"

"நான்தான்" என்றேன்.

"இங்கே எனக்கு ஒரு புட்டி கலந்து காட்டுங்கள்."

பையில் எல்லாம் இருந்தது. நாற்பது விநாடியில் முடித்தேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தபடி, "நீங்கள் அள்ளியது பால்மாவா, ஐஸ்கிரீமா?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மூன்று தப்பை எண்ணிக் காட்டினார். கரண்டி கோபுரமாக இருந்தது. மாவை டின்னின் சுவரில் வைத்து அழுத்தினேன். தண்ணீருக்கு முன்னால் மாவைப் போட்டேன்.

மருத்துவரும் மகளைப் பரிசோதித்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் வீடு திரும்பும் வரை காரில் யாரும் பேசவில்லை.

சமையலறைத் தராசு சொன்னது

அன்று இரவு அம்மா கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசை எடுத்தேன். எங்கள் டின்னின் கணக்குப்படி ஒரு கரண்டிக்கு நாலரை கிராம், நான்கு கரண்டிக்கு 18 கிராம். என் வழக்கப்படி, அவசரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே, நான்கு கரண்டி அள்ளி நிறுத்தேன். 22 கிராம்.

அது பாதிக் கணக்குதான். மாவை முதலில் போட்டு 120 கோடு வரை தண்ணீர் ஊற்றும்போது, அந்த 120-இல் மாவும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே போகும் தண்ணீர் நூற்றைந்து மில்லியைக்கூட எட்டுவதில்லை. அதனால்தான் முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு மாவைப் போடச் சொல்கிறார்கள். மாவு கூடுதல், தண்ணீர் குறைவு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். என் மகள் குடித்த பால், குடிக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கெட்டி.

கெட்டியாக இருந்தால் சத்து அதிகம்தானே என்று அம்மா கேட்டார். பல வீடுகளில் கேட்கப்படும் கேள்விதான். பச்சைக்குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முழுதாக முதிரவில்லை. கூடுதலாக வரும் உப்பையும் புரதக் கழிவையும் வெளியேற்ற அதற்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குழந்தைக்குத் தாகம் எடுக்கிறது. தாகம் என்று சொல்லத் தெரியாது; அழுகிறது. நாம் பசி என்று நினைத்து மறுபடியும் கெட்டியான பாலையே கொடுக்கிறோம். இந்தச் சுழல் முற்றினால் இரத்தத்தில் உப்பு ஏறி, நீர் வற்றி, மூளையையே பாதிக்கலாம்.

மறுபக்கமும் ஆபத்துதான். தண்ணீர் கூடினால் குழந்தைக்குச் சத்து போதாது, எடை ஏறாது. மிகவும் நீர்த்துப் போனால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம்.

டின் பாலின் பழைய கதை

இது இன்றைய பிரச்சினை அல்ல. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். அதன் தலைப்பு 'பாலும் கொலையும்'. ஜமைக்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவில் பணியாற்றிவிட்டு மலாயாவுக்கு வந்தவர் அவர். சீனி கலந்த டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து விற்றதையும், அதைக் குடித்த குழந்தைகள் நோயுற்று இறந்ததையும் அந்த மேடையிலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். எங்கள் பாட்டியும் தோட்டத்து லயத்தில் டின் பாலை வெந்நீரில் கரைத்துத்தான் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். அளவு? "கண்ணுதான் அளவு" என்றார் அம்மா.

1974-இல் பிரிட்டனில் இரண்டு வெளியீடுகள் வந்தன. ஒன்று, 'வார் ஆன் வான்ட்' என்ற தொண்டு அமைப்பின் சிறு நூல். ஏழை நாடுகளில் டின் பால்மாவு வாங்கக் காசு போதாத தாய்மார்கள், ஒரு டின்னை நாள் கணக்கில் நீட்டுவதற்காகத் தண்ணீரைக் கூட்டிக் கூட்டிக் கலந்ததை அது உலகுக்குச் சொன்னது. மற்றொன்று, பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் அறிக்கை. அங்கே பிரச்சினை நேர்மாறு: பால்மாவைக் கெட்டியாகக் கலந்து குழந்தைகளின் உடலில் உப்பு ஏறுவது. ஓரிடத்தில் வறுமை கரண்டியைக் குறைத்தது. இன்னோரிடத்தில் பாசம் கரண்டியைக் கூட்டியது. 2003-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்களும், பால் கலப்பதில் தவறு சர்வசாதாரணம், அதிலும் கெட்டியாகக் கலப்பதே அதிகம் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் நிறைய வெட்கமாகவும் இருந்தது.

நகைக்கடைத் தராசின் பைத்தியம்

வெட்கப்பட்டவன் அடுத்து என்ன செய்வான்? எதிர்ப்பக்கம் போய் விழுவான். இணையத்தில் நகை நிறுக்கும் குட்டித் தராசு ஒன்றை வாங்கினேன். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும். மூன்றரை மணிக்கு அதன் முன் உட்கார்ந்து, 18.0 வரும் வரை மாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன், எடுத்தேன். மூன்றாம் நாள் மனைவி கதவோரம் வந்து நின்றார். குழந்தை அலறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமாச்சு தெரியுமாங்க?"

ஒன்பது நிமிடம். அதற்குள் வெந்நீர் ஆறியிருந்தது. அதுவும் ஒரு பிழைதான். பால்மாவு கிருமி நீக்கிய பொருள் அல்ல. குரோனோபேக்டர் போன்ற கிருமிகள் அரிதாக அதில் இருக்கக்கூடும். அவற்றைக் கொல்லத்தான், மாவில் சேரும்போது தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கிராமின் பத்தில் ஒரு பங்கைத் துரத்திக்கொண்டு நான் அந்த 70-ஐக் கோட்டை விட்டிருந்தேன். சிட்டிகை போட்ட விரல்கள் கழுவப்பட்டனவா என்ற கேள்வி வேறு.

பொடியை அளக்கும் எந்த வேலையிலும் இந்த இழுபறி உண்டு. அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் பலர், தங்கள் ரைபிள் தோட்டாவுக்கான வெடிமருந்துப் பொடியைத் தாங்களே அளந்து நிரப்புகிறார்கள். பிடியை அசைத்தால் ஒரு முகத்தல் அளவு பொடி கொட்டும் கருவி ஒன்று. மணி மணியாக உதிர்க்கும் கருவி இன்னொன்று. கைதேர்ந்தவர்கள் முதல் கருவியில் வேண்டுமென்றே சற்றுக் குறைவாகக் கொட்டிவிட்டு, கடைசிச் சிறு அளவை மட்டும் தராசில் வைத்து மெதுவாக உதிர்த்து நிரப்புவார்களாம். நிதானம் எங்கே பலன் தருமோ அங்கே மட்டும் நிதானம். படித்தபோது, இது எனக்கும்தான் என்று தோன்றியது.

எந்தப் பிழை பெரிது?

யோசித்துப் பார்த்தால் பிழையில் இரண்டு வகை. தலைதட்டி அளந்தாலும் ஒரு கரண்டி கொஞ்சம் கூடும், அடுத்தது கொஞ்சம் குறையும். நான்கு கரண்டியில், எட்டு வேளைப் பாலில், அது பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கோபுரமாக அள்ளுகிற பழக்கம் அப்படியல்ல. ஒவ்வொரு கரண்டியிலும், ஒவ்வொரு வேளையிலும், ஒரே பக்கம்தான் சாயும். குழந்தையின் உடம்பு சிறு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். நாள்தோறும் ஒரே பக்கம் ஏற்றினால் தாங்காது.

சாதாரணச் சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். பதினெட்டில் ஒன்று என்பது சிறிய வித்தியாசமல்ல. தலைதட்டிய கரண்டி அதைவிட மோசமில்லை, அதோடு பல மடங்கு வேகம். டின்னுக்குள் இருக்கும் அந்த பிளாஸ்டிக் கரண்டி அந்த மாவுக்காகவே அளவெடுத்துச் செய்தது. அதனால்தான் ஒரு பிராண்டின் கரண்டியை இன்னொன்றின் டின்னில் போடக் கூடாது. சில மாவுக்கு ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர், சிலவற்றுக்கு 60 மில்லி. டின் மாறினால் அட்டையை மறுபடி படிப்பதுதான் வழி.

நகைத் தராசு இப்போது மனைவியின் கைப்பேசிக் கடையில் சாமான் தபாலில் அனுப்ப உதவுகிறது.

இன்றைய மூன்றரை மணி

இரவு ஒன்பது மணிக்கு, வீடு அமைதியாக இருக்கும்போது, கையைக் கழுவிவிட்டு உட்காருகிறேன். மூன்று அறை உள்ள சுத்தமான, உலர்ந்த பால்மாவு டப்பா ஒன்று வாங்கியிருக்கிறோம். கரண்டியை அழுத்தாமல் அள்ளி, டின் விளிம்பிலுள்ள தட்டையான பட்டையில் வழித்துத் தலைதட்டி, வாய்விட்டு எண்ணி, ஓர் அறைக்கு நான்கு. நடுவில் யாராவது பேசி எண்ணிக்கை தவறினால், அந்த அறையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து. நிதானம் எல்லாம் இங்கே முடிந்துவிடுகிறது.

மூன்றரைக்கு வேகம் மட்டும் போதும். கொதித்த தண்ணீரை 80 டிகிரியில் வைத்திருக்கும் மின்கெண்டியிலிருந்து முதலில் 120 மில்லி. புட்டியைச் சமமான இடத்தில் வைத்து, கோட்டைக் கண் மட்டத்தில் பார்ப்பேன். பிறகு ஓர் அறை மாவு. மூடிக் குலுக்கி, குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். மூன்று நிமிடம். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுவோம். குடித்து மீதி வைத்ததை எடுத்து வைப்பதே இல்லை.

மூன்று நிமிடம் அவள் அழத்தான் செய்கிறாள். முன்பு அந்த அழுகை என் கையை அவசரப்படுத்தியது. இப்போது தொட்டில் பக்கம் திரும்பி, நிலையத்தில் பேசுகிற அதே குரலில், "நேயர்களே, இன்னும் சற்று நேரத்தில்" என்கிறேன். சில நாள் அமைதியாகிவிடுகிறாள். மலச்சிக்கல் போய்விட்டது. பால் குடித்தபின் தூங்குகிறாள்.

போன வாரம் நான் வெளியூர் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த இரவு அடுக்களையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கரண்டியைப் பட்டையில் வழித்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணையே அளவாகக் கொண்ட பாட்டியின் மகள்.

நான் பேச வாயெடுத்தேன். அம்மா நிமிராமலே கையைக் காட்டித் தடுத்தார்.

"பேசாதப்பா. எண்ணிக்கை தப்பிடும்."