சாரதியின் பின்னே சென்ற இயந்திரம்

மாட்டு வண்டியில் மாடு முன்னே நிற்கும். குதிரை வண்டியிலும் அஃதே. குதிரையை அவிழ்த்துவிட்டு, அது நின்ற இடத்தில் இயந்திரத்தை வைப்பது மோட்டார் வண்டி ஆக்குவோரின் நெடுங்கால வழக்கமாயிற்று. பந்தய வண்டி சமைப்போரே இவ்வழக்கை முற்றாகக் கைவிட்டனர். 1959ஆம் ஆண்டில் ஜக் பிரபாம் என்னும் அவுஸ்திரேலியர், இயந்திரம் தம் முதுகுக்குப் பின்னே அமைந்த கூப்பர் வண்டியைச் செலுத்தி உலக வாகை சூடினார். அதன்பின் சில ஆண்டுகளுள் முன்னியந்திர வண்டிகள் அக்களத்தினின்றும் மறைந்தன.

இதன் காரணம் எளிய பௌதிகமே. ஒரு கோலின் இரு நுனிகளிலும் கல்லைக் கட்டி, நடுவிற் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், கை சோரும். அக்கற்களை நடுவிற்கு நகர்த்திக் கட்டினால் கோல் உடனே திரும்பும். பாரம் நடுவை அணுகுந்தோறும் சடத்துவத் திருப்பம் குறைகின்றது. வண்டியின் மிகப் பாரமான உறுப்பு இயந்திரம். அதனைச் சாரதிக்கும் பின் அச்சிற்கும் இடையே வைத்தால் வண்டி வளைவிலே விரைந்து திரும்பும். அன்றியும், வேகங் கூட்டும்போது வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், உந்தும் பின் சில்லுகள் நிலத்தை இறுகப் பற்றுகின்றன.

அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டுக் காராகிய செவ்றலே கோர்வெற் 1953இல் தோன்றியது. அதன் பொறியியலாளர் சோறா ஆர்க்கஸ்-டன்ரொவ், இயந்திரம் பின்னமைந்த பரிசோதனை வண்டியொன்றை 1960இலேயே ஆக்கிக் காட்டினார். எனினும் விற்பனைக்கு வந்த கோர்வெற் ஏழு தலைமுறைகளாக முன்னியந்திர வண்டியாகவே நின்றது. 2019 யூலை 18இல் வெளியிடப்பட்ட எட்டாந் தலைமுறையிலேதான் 6.2 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டு உருளை இயந்திரம் சாரதியின் பின்னே சென்றது. வலப்பக்கச் சுக்கானுடன் தொழிற்சாலையிலேயே ஆக்கப்பெற்ற முதற் கோர்வெற்றும் இதுவே. இடப்பக்கமாகச் செல்லும் நம் நாட்டு வீதிக்கு அது பொருந்தும்; நம் பணப்பைக்குப் பொருந்துமோ என்பது வேறு வினா.

அதன் பந்தய வடிவம் 2020 சனவரியில் டேற்றோனா 24 மணி நேரப் போட்டியிற் களமிறங்கியது. அதிலிருந்தது 5.5 லீற்றர் இயந்திரம். அதே குடும்பத்து இயந்திரம் பின்னர் வீதிக்குரிய இசட்-06 வகையில் வைக்கப்பட்டபோது 670 பரிவலு தந்தது. பந்தய வண்டிக்கோ ஏறத்தாழ 500 பரிவலுவே. காற்று உட்புகும் வழியைப் போட்டி விதிகள் ஒடுக்கியமையே காரணம். பந்தய வண்டி எப்போதும் வீதி வண்டியினும் வலியது என எண்ணும் மாணவர் இதனைக் குறித்துக்கொள்க. 2023இல் லெ மான் போட்டியில் தன் பிரிவில் முதலிடம் பெற்றதும் இவ்வண்டியே.

பெருஞ் செல்வமுடைய நிறுவனம் 2019இல் வீதி வண்டியிற் செய்த இடமாற்றத்தை, அதற்கு முப்பதாண்டின் முன்னரே, மிகச் சிறிய இயந்திரத்தைக் கொண்டு தமிழ்நாட்டில் ஒருவர் செய்தார். அவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன்.

அக்காலத்திற் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமே தென்னிந்தியப் பந்தயக் களம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை அது. நம் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுகுருந்தை ஓடுபாதையும் இவ்வாறே போர்க்காலத்தில் தோன்றிப் பின்னர்ப் பந்தயங்களுக்குப் பயன்பட்டது. சோழவரத்திலே பணம் படைத்தோர் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளை இறக்குமதி செய்து ஓட்டினர்; விஜய் மல்லியா அவருள் ஒருவர். அத்தகைய வண்டியோடு சாதாரண வண்டியைத் திருத்தி வந்தவன் போட்டியிட்டால், வென்றது சாரதியின் திறமையா தந்தையின் செல்வமா என யார் சொல்வது?

கரிவரதன் எடுத்துக்கொண்டது 1983 திசெம்பரில் அறிமுகமான மாருதி 800 காரின் இயந்திரம். கொழும்பு வீதிகளிலும் நாம் நன்கறிந்த சிறு கார் அது. மூன்று உருளை, 796 கன சென்றிமீற்றர், நாற்பது பரிவலுவையும் எட்டாது. அக்காரில் இயந்திரமும் பற்சில்லுப் பெட்டியும் ஒரே தொகுதியாய் மூக்கினுள் குறுக்கே அமர்ந்து முன் சில்லுகளை உந்துகின்றன. அத்தொகுதியை அப்படியே பின்னே வைத்தால், முன் சில்லுகளை உந்தியது பின் சில்லுகளை உந்தும். நீண்ட உந்து தண்டு வேண்டியதில்லை. அதன் முன்னே இரும்புக் குழாய்ச் சட்டமும் ஒற்றை இருக்கையும் அமைத்தால் பந்தய வண்டி உருவாகிவிடும். 1988இல் தோன்றிய ‘போர்மியூலா மாருதி’ இதுவே. உதிரிப் பாகம் எந்தப் பட்டணத்திலும் கிடைத்தது. எல்லோர்க்கும் ஒரே வகை வண்டி ஆதலின், முந்துவதற்குச் சாரதியின் கையும் கண்ணுமே துணை. என் கருத்தில், 670 பரிவலு இயந்திரத்தினும் இதுவே அரிய ஆக்கம்.

நரேன் கார்த்திகேயன் தம் முதற் பந்தயத்தை ஓட்டியது சிறீபெரும்புதூர்க் களத்தில், இவ்வண்டியிலேதான். அவர் 2005இல் ஜோர்டான் அணியிற் சேர்ந்து, போர்மியூலா வண் களத்திற் புகுந்த முதல் இந்தியரானார். அவ்வாண்டு யூன் 19இல் அமெரிக்காவின் இண்டியனாபொலிசில் நான்காமிடம் பெற்று ஐந்து புள்ளிகள் ஈட்டினார். ரயர்ச் சிக்கலால் பதினான்கு வண்டிகள் விலகிவிட, அன்று ஓடியவை ஆறே என்பதை மறைத்து அவரைப் புகழ்வது முறையன்று. ஆயினும் அந்த ஆறனுள் ஒன்றிற் கோவை இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பது மெய்.

அதனைக் காணக் கரிவரதன் இல்லை. 1995இல், நாற்பத்தொரு வயதளவில், விமான விபத்தில் அவர் மாண்டார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்குகின்றது. அந்நகரத்துச் சங்கிலி உற்பத்தியாளரான எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஒற்றை இருக்கை வண்டிகள் அதில் ஓடின. அவற்றிற்கு மாருதி சுவிப்ட் காரின் இயந்திரம். அதுவும் சாரதிக்குப் பின்னேதான்.