நள்ளிரவில் மணி அடிப்பது யார்?

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நேரம் வந்ததும் அடிக்கிறார். ஆசிரியர் பாடத்தை முடித்துவிட்டாரா என்று அவர் கேட்பதில்லை. கணிப்பொறியிலும் இப்படி மணி அடிக்கும் நிரல் ஒன்று உண்டு. அதன் பெயர் 'கிரான்'.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான 'யூனிக்ஸ்' இயக்க அமைப்பின் 7ஆம் பதிப்பு 1979இல் வெளிவந்தது. அதிலேயே கிரான் இருந்தது. இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகளிலும் அது வேலை செய்கிறது.

கிரான் நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, தன் பட்டியலைப் பார்க்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து குறிப்புகள் இருக்கும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. அடுத்து, செய்ய வேண்டிய கட்டளை. '30 2 * * 1' என்று எழுதினால், திங்கட்கிழமைதோறும் அதிகாலை 2.30 மணி என்று பொருள். விண்மீன் குறி 'எதுவானாலும் சரி' என்பதைக் காட்டும். ஞாயிறு 0, திங்கள் 1.

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். இரவு 1 மணிக்குக் கிளைகளின் விற்பனைக் கணக்கைத் திரட்ட ஒரு கட்டளை. 2 மணிக்கு அதிலிருந்து அறிக்கை தயாரிக்க இன்னொரு கட்டளை. காலையில் அறிக்கையைப் பார்த்துத்தான் முதலாளி சரக்குக்குச் சொல்லி அனுப்புவார்.

பண்டிகை நாளில் விற்பனை அதிகம். 2 மணிக்குள் கணக்கு வந்து சேரவில்லை. கிரானுக்கு அது தெரியுமா? நேரமானதும் மணி அடித்துவிட்டது! பாதிக் கணக்கில் அறிக்கை தயாராயிற்று. எண்கள் ஒழுங்காகவே அச்சாகியிருந்தன. 'விற்பனை குறைந்துவிட்டதே' என்று முதலாளி சரக்கைக் குறைத்துவிட்டால் நட்டம் யாருக்கு?

இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் வெற்றி. வேறு எண் என்றால் தோல்வி. இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் எழுதி, நடுவில் '&&' என்ற குறியை இட்டால், முதலாவது 0 தந்த பிறகே இரண்டாவது தொடங்கும். தொடர் ஓட்டத்தில் இரண்டாம் வீரர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கோல் கைக்கு வராமல் தன் பங்கை ஓடி முடிக்க அவரால் முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

முதல் வேலை தோற்றால் அறிக்கையே வராது. அதுவும் நன்மைதான். தவறான அறிக்கையை நம்பிவிடுவோம். வராத அறிக்கையை ஏன் என்று தேடுவோம். குறையைச் சரிசெய்தபின் அடுத்த இரவுவரை காத்திருக்கவும் வேண்டாம். நேரக் குறிப்புகளை விட்டுவிட்டு அதே கட்டளைகளை விசைப்பலகையில் தட்டினால் வேலை உடனே தொடங்கும்.

மாணவர்களே, '15 6 * * 0' என்றால் எப்போது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்!

(விடை: ஞாயிறுதோறும் காலை 6.15 மணி.)