சித்திரை வெயிலில் விதைக்கலாமா? தாராளமாக விதைக்கலாம்!



"ஆடி வந்தாதானே விதைக்கணும், சித்திரையில யாராவது விதைப்பாங்களா?" என்று போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். மானாவாரி வயலுக்கு அது சரிதான். நாம் பேசுவது வயலைப் பற்றி இல்லை. பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுகிற இடம், வாசலோரம் ரெண்டு முழ மண், ஓட்டையாகிப் போன பிளாஸ்டிக் குடம், சிமெண்ட் சாக்கு, இவ்வளவுதான் வேண்டும். வெயில் ஏற ஏற சந்தையில் காய் விலையும் ஏறுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் நாலு வெண்டைக்காய் காய்த்தால் சந்தாப் பணம் கையில் நிற்கும்.

முதலில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். போன வருஷம் எங்கள் குழுவில் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, ஒரு கடையில் உதிரியாக வெண்டை விதை வாங்கினோம். பாக்கெட்டும் இல்லை, தேதியும் இல்லை. இருபது நாள் தண்ணி ஊற்றினோம். பத்துக்கு ரெண்டு கூட முளைக்கவில்லை. காசு போனதைவிட, குடம் குடமாய் ஊற்றிய தண்ணிதான் வயிற்றெரிச்சல்!

ஆகவே விதைக்கும் முன்னால் சோதித்துப் பாருங்கள். பத்து விதையை ஈரத்துணியில் மடித்து, தட்டில் வைத்து மூடி, துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நாளில் பிரித்து எண்ணுங்கள். ஏழெட்டு முளை விட்டிருந்தால் நல்ல விதை. ஐந்துதான் என்றால் குழிக்கு ரெண்டுக்குப் பதில் நாலு போடுங்கள். ரெண்டு மூன்று என்றால் விதைக்கவே வேண்டாம். வீணாய்ப் போன விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியது போல இருந்தால் அது மருந்து கலந்தது. கோழிக்குக் கூடப் போடக்கூடாது.

வெயிலுக்கு அஞ்சாதவை வெண்டை, கொத்தவரை, கீரை. வெண்டையையும் கொத்தவரையையும் ராத்திரி தண்ணியில் ஊறவைத்து, மறுநாள் சாயங்காலம் ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். காலையில் ஊன்றினால் அன்றைய வெயிலிலேயே ஈரம் போய்விடும். வெண்டைக்குச் செடிக்குச் செடி ஒரு அடி, கொத்தவரைக்கு அரை அடி. மேலே தென்னை ஓலையோ, சருகோ மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் வெண்டை பறிக்கலாம். பாகல், பீர்க்கனையும் வேலியோரம் ஊன்றலாம், பந்தல் மட்டும் வேண்டும்.

கீரை விதை பொடி விதை. ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. எறும்பு இழுத்துக்கொண்டு போகும், பாத்தியைச் சுற்றி கொஞ்சம் நொய் போட்டு வையுங்கள். அது நொய்யோடு போய்விடும். மூன்று நாலு வாரத்தில் கிள்ளலாம். ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்குக் கீரை கொடுக்கும்போது அதோடு எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுங்கள், இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

எரு என்றால் மக்கிய எருதான். பச்சைச் சாணி இந்த வெயிலில் வேரைக் கெடுக்கும்.

தண்ணி விஷயம்தான் பெரிது. நம் மாவட்டத்துக்கு ஃபுளோரைடு இல்லாத குடிநீர் கிடைக்க வேண்டும் என்றுதான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊற்ற மனசு வராது, ஊற்றவும் வேண்டாம். அரிசி களைந்தது, காய் கழுவியது போதும். சோப்புத் தண்ணியில் முதலில் அலசியதை விட்டுவிட்டு, கடைசியாக அலசியதை ஊற்றுங்கள்.

வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடி பிழைக்காது, இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள். மற்ற செடிகளுக்கு, ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஒரு லிட்டர் தண்ணியில் ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளிக்கலாம்.

பூவை மறக்க வேண்டாம். கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி மூன்றுக்கும் தனிக் கவனிப்பு தேவையில்லை. கோழிக்கொண்டை விதை கடுகைவிடச் சிறிசு, ஆழமாகப் புதைத்தால் வராது. மேலாகத் தூவி மண்ணைத் தட்டிவிட்டால் போதும். வாடாமல்லியின் காய்ந்த பூவை உதிர்த்தாலே விதை. செண்டுமல்லியை நாற்று விட்டு, ஒரு மாதத்தில் பிடுங்கி நடலாம். தக்காளி வைத்திருப்பவர்கள் அதன் ஓரத்தில் நட்டால், காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி செண்டுமல்லிக்கு வந்து முட்டை இடும். புழு தெரிந்த மொட்டைக் கிள்ளி அழித்துவிடலாம்.

1989-ல் தமிழ்நாட்டு மகளிர் குழுக்களுக்கான திட்டம் முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். சிறுகச் சிறுகச் சேர்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல செடியில் ரெண்டு வெண்டைக்காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, காயவைத்து, சாம்பல் கலந்து டப்பாவில் போட்டு வையுங்கள். ஆனால் ஒட்டுரக விதை என்றால் இப்படி எடுப்பது பயன்படாது, மறு தலைமுறை அதே மாதிரி காய்க்காது. எந்த ரகம் என்று சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனி மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி விதை கொண்டு வாருங்கள். எந்தச் செடி, எந்த மாதம் எடுத்தது என்று பொட்டலத்தின் மேல் எழுதி வையுங்கள். ஆடிக்கு யாரும் கடைக்குப் போக வேண்டியிருக்காது.