முகத்துவாரம் மூடினால் சேறு இறுகும்

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணி, காளாங்கி, சுவர்ணமுகி ஆறுகள் நன்னீரைக் கொண்டுவருகின்றன. உப்புநீர் வருவது முகத்துவாரம் வழியாக. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு அறுபட்டிருக்கும் குறுகிய இடம் அது. குளிர்காலத்தில் இங்கே இறங்கும் பறவைகளின் சாப்பாடு அந்த இடைவெளியை நம்பியே இருக்கிறது.

ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். தரை தட்டையானது என்பதால் நீர்மட்டம் சற்றே இறங்கினாலும் பரந்த சேற்றுவெளி வெளியே தெரியும். கடல் ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் தலைகாட்டும் இந்தச் சேற்றுக்குள் புழுக்களும் சிறு நண்டுகளும் நத்தைகளும் நிறைந்திருக்கின்றன. கரைப்பறவைகள் தேடி வருவது இவற்றைத்தான்.

ஒவ்வொன்றும் தேடும் விதம் வேறு. உப்புக்கொத்தி பெரிய கண்களால் பார்த்து வேட்டையாடும். நாலடி ஓடும், நிற்கும், கொத்தும். உள்ளான்கள் கண்ணைக் காட்டிலும் அலகை நம்புபவை. அவற்றின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் குவிந்திருக்கின்றன. கருவால் மூக்கன் தன் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செருகி, வாயைத் திறக்காமல் நுனியை மட்டும் விரித்து இரையைப் பிடித்துவிடும். பூநாரை இன்னொரு வகை. தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியேற்றும்போது, அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற தகடுகளில் உப்புநீர் இறால்களும் பாசித் துணுக்குகளும் தங்கிவிடும்.

ஆகவே இவற்றுக்கு 'தண்ணீர் இருக்கிறது' என்பது மட்டும் போதாது. கொசு உள்ளானுக்கு ஈரச் சேறோ கணுக்கால் நனையும் நீரோ வேண்டும். நெடுங்கால் உள்ளானுக்கு இன்னும் சற்று ஆழம் வேண்டும். பூநாரை முழங்கால் அளவு நீரிலும் நின்று மேயும். கூழைக்கடாவுக்கு நீந்தி மீன் பிடிக்கும் அளவுக்கு நீர் தேவை. வேறுவேறு ஆழங்கள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருப்பதால்தான் இத்தனை இனங்களும் ஒரே ஏரியில் பசியாற முடிகிறது.

இந்த ஆழங்களைத் தீர்மானிக்கும் முகத்துவாரத்தில் அலைகளும் கரையோர நீரோட்டமும் மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அந்த மணலைத் தள்ளி வழியைத் திறக்கும். கோடையில் வெள்ளம் ஓய்ந்ததும் மணல் சேர்ந்து வாய் சுருங்கும். சில ஆண்டுகளில் முழுவதுமாக அடைபடும். அதன்பின் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. வெயிலில் நீர் வற்றி உவர்ப்பு கடல்நீரையும் மிஞ்சும். சேறு காய்ந்து, மேலே உப்பு படிந்து இறுகும். நுட்பமான அலகாக இருந்தாலும் இறுகிய தரைக்குள் நுழையாது. புழுக்களும் ஆழத்துக்குப் போய்விடும் அல்லது மடிந்துவிடும். ஏரியை ஊடறுத்து சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை, வடபகுதிக்கு நீர் போய்வருவதை மேலும் தடுக்கிறது.

இந்த இழப்பு பறவைகளோடு நிற்பதில்லை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்துதான் வளரும். வழி அடைபட்டால் வலையில் இறால் விழாது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாட்டைப் பழவேற்காட்டு மீனவர்கள் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். இறாலே வராதபோது பங்கிட என்ன இருக்கிறது? முகத்துவாரம் அடைபட்ட ஆண்டுகளில் மண்வெட்டியோடு முதலில் இறங்குபவர்களும் அவர்களே. பறவைகளைக் காப்பதற்கு இந்த மீனவர்களைவிட இயல்பான கூட்டாளிகள் கிடைக்க மாட்டார்கள்.

பறவைகளைக் காப்பதைத் தள்ளிப்போட நேரமில்லை. உயிரினங்களின் அழிவு அபாயத்தைப் பதிவுசெய்யும் உலகச் செம்பட்டியலுக்கு 2024 அக்டோபரில் வெளியான திருத்தத்தில் 16 கரைப்பறவை இனங்களின் அபாய நிலை உயர்த்தப்பட்டது. பழவேற்காட்டுக்கு வரும் சாம்பல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் அவற்றில் அடக்கம். வடதுருவத்தை ஒட்டிய சமவெளிகளில் முட்டையிடும் இப்பறவைகள், மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிப் பறக்குமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அந்த வாரங்களில் படகோ நாயோ நெருங்கிக் கூட்டத்தைக் கிளப்பினால், பறவைகள் மேயும் நேரத்தையும் இழக்கின்றன, சேர்த்த கொழுப்பையும் செலவழிக்கின்றன.

ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழகப் பகுதி 1980-லும் சரணாலயமாக்கப்பட்டன. வேட்டையைத் தடுக்க அது உதவியது; மணலை நகர்த்த அரசாணையால் இயலாது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்கக் கற்சுவர்கள் கட்டும் பணியைத் தமிழக அரசு கையில் எடுத்தது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கைக்குக் கிடைத்த பதில். அதே வேளையில் இரண்டைக் கவனித்தாக வேண்டும். கடலுக்குள் நீளும் சுவர் ஒருபுறம் மணலைத் தேக்கி மறுபுறக் கரையை அரிக்கக்கூடும். வழி ஆழமானால் ஏரியின் நீர்மட்டமும் மாறி, எந்தச் சேற்றுவெளி எவ்வளவு நேரம் வெளியே தெரியும் என்பதும் மாறும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நம் நாட்டில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடந்துவருகிறது. பறவைகளை எண்ணும் அதே இடங்களில் நீரின் ஆழம், உவர்ப்பு, சேற்றின் ஈரம், அதிலுள்ள புழுக்கள் ஆகியவற்றையும் தொடர்ந்து அளக்க வேண்டும். அந்த அளவுகள் இரு மாநில வனத்துறைகளுக்கும் மீனவ கிராமங்களுக்கும் ஒருசேரப் போய்ச் சேர்ந்தால், எப்போது, எங்கே, எவ்வளவு தூர்வார வேண்டும் என்பதை அவர்கள் கூடி முடிவுசெய்ய முடியும்.