தலை கிடைக்காத டைனோசார்

ஒரு தொடை எலும்பே 1.7 மீட்டர் நீளமென்றால், அந்த விலங்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! கோதாவரிப் படுகையின் பாறைகளில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தகைய எலும்புகள் ஏறத்தாழ 300 கிடைத்தன. மண்டையோடு மட்டும் கிடைக்கவில்லை. பின், அதன் உணவை எப்படி அறிவது? சில பற்கள் கிடைத்தன. அவை ஊனைக் கிழிக்கும் கத்திபோல் இல்லை; கரண்டிபோல் இருந்தன. ஆகவே அது தாவர உண்ணி.

ஆனால் புதிய இனமா? அதற்கு, முன்பே அறியப்பட்ட டைனோசார்களின் எலும்புகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இதன் முதுகெலும்புகள் சிலவற்றின் மேல்வளைவில் இருந்த குழி, தண்டுவடம் செல்லும் துளையுடன் குறுகிய திறப்பால் இணைந்திருந்தது. இத்தகைய வேறுபாடுகளே சான்றாயின. 1975-இல் 'பாராபசாரஸ் தாகூரி' என்று பெயர் சூட்டப்பட்டது. 'பாரா பா' என்றால் பெரிய கால். 'தாகூரி', கவி தாகூரின் நினைவாக. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவன அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டைக் காணலாம்.