கனடாவின் ட்ரீம் பாப்: கேட்கத் தொடங்குபவர்களுக்கு

கனடா இசைக்குழுக்களின் ‘ட்ரீம் பாப்’ பாட்டை முதல்முறை கேட்கிற தமிழ்க் காதுக்கு ஒரு சங்கடம் வரும். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்றே பிடிபடாது. நம் சினிமாப் பாட்டில் குரல்தான் முன்னால் நிற்கும். வாத்தியங்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்தப் பாட்டுகளிலோ குரல், கித்தாருக்கும் கீபோர்டுக்கும் நடுவே பாதி மூழ்கிக் கிடக்கும். ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வேண்டுமென்றே செய்தது. குரலும் ஒரு வாத்தியம்தான் என்று வைத்துக்கொண்டு கேட்டால், ஒதுக்கிவிட நினைத்த அதே பாட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும்.

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் குடியிருந்து பொம்மசந்திராவுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். உடன் வேலை செய்பவர்கள் மூலம் இந்த இசையின் பெயர் காதில் விழுந்திருக்கும். எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் தெரிந்திருக்காது. அவர்களுக்கு ஒரே ஒரு யோசனையை இந்தக் கட்டுரை சொல்கிறது: ஒரு பாட்டு பிடித்துப்போனால், அதைப் போன்ற இன்னொரு பாட்டைத் தேடாதீர்கள். அந்தப் பாட்டைச் செய்த ஆட்களைத் தேடுங்கள். கனடாவின் இண்டி இசை வட்டம், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத இசைஞர்களின் வட்டம், சிறியது. ஒருவர் பெயர் தெரிந்தால் பத்துப் பேர் வரிசையாக வருவார்கள்.

கனவு போல ஒலிப்பது எதனால்?

இந்த இசையின் வேர் கனடாவில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1979இல் அங்கே தொடங்கிய காக்டோ ட்வின்ஸ் என்ற குழுவில் ராபின் கத்ரி கித்தார் வாசித்தார், எலிசபெத் ஃப்ரேசர் பாடினார். ஃப்ரேசர் பல பாட்டுகளில் சொற்களைவிட ஒலிகளையே பாடினார். பொருள் புரியாமலேயே கேட்பவர்கள் உருகினார்கள். 1984இல் வந்த ‘ட்ரெஷர்’, 1990இல் வந்த ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’ ஆகிய ஆல்பங்களை லண்டனின் ‘ஃபோர் ஏடி’ நிறுவனம் வெளியிட்டது. பின்னால் வந்த ட்ரீம் பாப் குழுக்களில் பெரும்பாலானவை இவற்றுக்குக் கடன்பட்டவை.

கருவிகள் பக்கம் பார்த்தால் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது ரிவெர்ப். கல் மண்டபத்தில் ஓதுவார் தேவாரம் பாடி நிறுத்திய பிறகும் குரல் சில நொடிகள் சுவர்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த எதிரொலிப்பைக் கருவியால் உண்டாக்குவது ரிவெர்ப். இரண்டாவது டிலே. வாசித்த ஸ்வரத்தைக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்ல வைக்கும். மூன்றாவது கோரஸ். ஒரே ஒலியைப் பிரதி எடுத்து, சுருதியில் இம்மி அளவு அசைத்துச் சேர்க்கும். அதனால் ஒரு கித்தார் பல கித்தார்களாகக் கேட்கும், ஒலிக்கு ஒரு மினுமினுப்பு வரும். இவற்றோடு மைக்குக்கு நெருக்கமாக, மெல்லப் பாடிய குரலை இரண்டு மூன்று முறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அவ்வளவுதான் அந்தக் கனவின் கட்டுமானம்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் பனிமலை டூயட்டில் ஏ.ஆர். ரஹ்மான் கீபோர்டு ஒலியைக் குரலுக்குப் பின்னால் படர விட்டிருப்பார். அந்தப் படரலை ரசித்த காது இதையும் ரசிக்கும். ஒரு வேறுபாடு உண்டு. ரஹ்மானின் பாட்டில் குரல் அந்த ஒலிக்கு மேலே தெளிவாக நிற்கும். ட்ரீம் பாப்பில் குரலும் அதற்குள்ளேயே கரைந்துவிடும்.

கனடாவில் ஏன் இத்தனை குழுக்கள்?

பக்கத்திலேயே அமெரிக்கா. மொழியும் பெரும்பாலும் ஒன்று. அப்படியே விட்டால் கனடா வானொலியில் அமெரிக்கப் பாட்டு மட்டுமே ஒலிக்கும் என்று அந்நாட்டு அரசு கவலைப்பட்டது. அதனால் 1971இல் ஒரு விதி வந்தது. வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாட்டில் 30 சதவீதம் கனடாவினுடையதாக இருக்க வேண்டும். பின்னர் ஜனரஞ்சக இசைக்கு அது 35 சதவீதமாக உயர்ந்தது. பிரெஞ்சு மொழி நிலையங்களில் வாய்ப்பாட்டுகளில் 65 சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். ஒரு பாட்டு கனடாவினுடையதா என்று பார்க்க நான்கு கேள்விகள்: இசையமைத்தவர் யார், பாடியவர் யார், பதிவோ நிகழ்ச்சியோ எங்கே நடந்தது, வரிகளை எழுதியவர் யார்? பொதுவாக, இரண்டுக்காவது கனடா என்று பதில் வந்தால் போதும்.

இதோடு 1982இல் தொடங்கிய ‘ஃபேக்டர்’ என்ற அமைப்பு, ஒலிப்பதிவுக்கும் சுற்றுப்பயணத்துக்கும் நிதி தருகிறது. பல்கலைக்கழக வளாக வானொலிகள் சிறு குழுக்களுக்கு முதல் மேடையாக இருந்தன. மாண்ட்ரியால் நகரில் வாடகையும் ஒரு காலத்தில் மலிவு. பெரிய நிறுவனத்தின் ஆதரவு இல்லாமலே இளைஞர்கள் பழைய கட்டடங்களில் கூடி வாசித்தார்கள், பதிவு செய்தார்கள். மாண்ட்ரியாலின் ஆர்பியூட்டஸ் ரெக்கார்ட்ஸ் அப்படி ஒரு கூட்டத்திலிருந்து எழுந்த நிறுவனம்தான். கிரைம்ஸ் என்ற பெயரில் பாடும் பெண், தன் அடுக்குமாடி வீட்டில் கணினியை வைத்தே பதிவு செய்த ‘விஷன்ஸ்’ ஆல்பத்தை 2012இல் கனடாவில் வெளியிட்டது ஆர்பியூட்டஸ். கனடாவுக்கு வெளியே அதை வெளியிட்டது ஃபோர் ஏடி, காக்டோ ட்வின்ஸின் அதே நிறுவனம். ஆட்களையும் நிறுவனங்களையும் பின்தொடர்ந்தால் இப்படித்தான் ஒன்று இன்னொன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தொடங்க நான்கு ஆல்பங்கள்

முதலில் கௌபாய் ஜங்கீஸ் குழுவின் ‘த டிரினிட்டி செஷன்’. டிம்மின்ஸ் குடும்பத்து உடன்பிறப்புகள் மூவரும் நண்பர் ஆலன் ஆன்டனும் சேர்ந்த குழு இது. 1987 நவம்பர் 27 அன்று டொரோண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், ஒரே ஒரு மைக்கை நடுவில் வைத்து இதைப் பதிவு செய்தார்கள். ராக் குழு என்றால் அனுமதி கிடைக்காதோ என்று, டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பதிவு செய்ய வந்திருப்பதாகச் சொல்லி இடம் பிடித்தார்கள். எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை, வாசிப்பவரை மைக்கிலிருந்து தள்ளியோ நெருக்கியோ உட்காரவைத்துத் தீர்மானித்தார்கள். மார்கோ டிம்மின்ஸின் குரல், வேறொரு குழு அங்கே விட்டுப்போயிருந்த ஒலிபெருக்கி வழியாக வந்தது. இசை நாட்டுப்புறமும் ப்ளூஸும் கலந்தது. ட்ரீம் பாப் என்று யாரும் இதற்கு முத்திரை குத்துவதில்லை. ஆனால் ரிவெர்ப் என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் ஆல்பம் கிடையாது. இதில் கேட்கும் எதிரொலிப்பு ஒரு உண்மையான கட்டடத்தினுடையது.

இரண்டாவது, டொரோண்டோவின் ப்ரோக்கன் சோஷியல் சீன் 2002இல் வெளியிட்ட ‘யூ ஃபர்காட் இட் இன் பீப்பிள்’. கெவின் ட்ரூ, பிரெண்டன் கேனிங் இருவரும் தொடங்கிய குழு, பிறகு ஊரின் பாதி இசைஞர்கள் வந்துபோகும் கூடமாக மாறியது. ‘ஆந்தம்ஸ் ஃபார் அ செவன்டீன் இயர் ஓல்ட் கேர்ள்’ என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். எமிலி ஹெய்ன்ஸின் குரலைக் கருவியால் திரித்து, பாஞ்சோவுக்கும் வயலினுக்கும் நடுவில் விட்டிருக்கிறார்கள். ஒரு சில வரிகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் இசை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போகும்.

மூன்றாவது, ஆல்வேஸ் குழு தன் பெயரிலேயே 2014இல் வெளியிட்ட முதல் ஆல்பம். ஆங்கிலத்தில் தேடும்போது ‘டபிள்யூ’வுக்குப் பதில் இரண்டு ‘வி’ போட்டால்தான் இந்தக் குழு கிடைக்கும். பாடுபவர் மாலி ரேங்கின். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில், ரேங்கின் ஃபேமிலி என்ற புகழ்பெற்ற நாட்டுப்புற இசைக் குடும்பத்தில் பிறந்தவர். கீபோர்டு வாசிக்கும் கெர்ரி மக்லெல்லன் அவருடைய பால்ய காலத்துப் பக்கத்து வீட்டுக்காரர். அதனால்தானோ என்னவோ, கித்தார் எவ்வளவு இரைந்தாலும் அடியில் ஒரு நாட்டுப்புற மெட்டு தெளிவாக ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் குழு 2022இல் கொண்டுவந்த ‘ப்ளூ ரெவ்’ இன்னும் அடர்த்தியானது. அதன் வரைவுப் பாட்டுகள் இருந்த ரெக்கார்டர் ரேங்கினின் வீட்டிலிருந்து திருடுபோனது. அதையடுத்து ஒத்திகை நடந்த நிலத்தடி அறையில் வெள்ளம் புகுந்தது. இரண்டையும் தாண்டி வந்த ஆல்பம் அது.

நான்காவது, கியூபெக் மாகாணத்தின் மென் ஐ ட்ரஸ்ட் 2019இல் கொண்டுவந்த ‘ஓங்க்ல் ஜாஸ்’. 24 பாட்டுகள் கொண்ட இந்த ஆல்பத்தை எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள். எம்மா ப்ரூவின் குரல் காதருகே பேசுவது போல இருக்கும். முதல்முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு ஜெஸ்ஸி கரோனின் பேஸ் கித்தாரைப் பின்தொடருங்கள். பாட்டை நடத்திச் செல்வது அதுதான்.

இங்கிருந்து எப்படி மேலே போவது?

கேட்கும் செயலி, ஆல்பம் முடிந்ததும் தானாகவே அடுத்த பாட்டை ஓட்டும். அது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த சில பாட்டுகளையே சுற்றிச் சுற்றிக் கொடுக்கும். அதை அணைத்துவிட்டு, பாட்டின் கிரெடிட்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ப்ரோக்கன் சோஷியல் சீனில் பாடிய எமிலி ஹெய்ன்ஸ், மெட்ரிக் குழுவின் பாடகி. அதே குழுவில் பாடிய ஃபைஸ்ட் தனியாக உலகப் புகழ் பெற்றவர். அதே வட்டத்தைச் சேர்ந்த ஏமி மில்லன், இவான் கிரான்லி இருவரும் ஸ்டார்ஸ் குழுவினர். அவர்களுடைய ‘செட் யுவர்செல்ஃப் ஆன் ஃபயர்’ (2004) அடுத்துக் கேட்க ஏற்றது. ஆல்வேஸின் முதல் ஆல்பம் கால்கரியில் சாட் வான்காலன் என்ற இசைஞரோடு பதிவானது. அவருடைய சொந்தப் பாட்டுகள் இன்னொரு வாசல். ஆர்பியூட்டஸ் நிறுவனத்தின் பட்டியலுக்குப் போனால் டாப்ஸ் குழுவின் ‘பிக்சர் யூ ஸ்டேரிங்’ (2014) கிடைக்கும். மென் ஐ ட்ரஸ்ட் பிடித்தவர்களுக்கு அது உடனே பிடிக்கும்.

பெயர்களே தெரியவில்லை என்றால் போலாரிஸ் பரிசின் பட்டியல்கள் உதவும். 2006 முதல் ஆண்டுதோறும் கனடாவின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் பரிசு இது. விற்பனையோ நிறுவனமோ கணக்கில் வராது. இசை விமர்சகர்களும் வானொலிக்காரர்களும் உள்ள நடுவர் குழு, தரத்தை மட்டும் பார்க்கும். ஒவ்வோர் ஆண்டும் இறுதிச் சுற்றுக்கு வரும் பத்து ஆல்பங்களை எடுத்துக் கேட்டாலே பல மாதங்களுக்குப் போதும். சியாட்டில் நகரின் கேஇஎக்ஸ்பி வானொலி யூடியூபில் போடும் நேரடி நிகழ்ச்சிகளில் ஆல்வேஸும் மென் ஐ ட்ரஸ்ட்டும் உண்டு. எந்த ஒலி எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க அவை நல்ல வழி.

எதில் கேட்பது என்பதும் முக்கியம். போன் ஸ்பீக்கரில் இந்த இசை செத்துப்போகும். பேஸ் காணாமல் போகும், இடம் வலமாக விரியும் ஒலி ஒட்டிப்போய்விடும். சாதாரண ஹெட்போன் போதும், காதை மூடுவதாக இருந்தால் நல்லது. ஓசூர் சாலை நெரிசலில் ஹாரன் சத்தத்தை ஜெயிக்க ஒலியைக் கூட்டாதீர்கள். மெல்லிய இசையை உரக்க வைத்தால் காதும் கெடும், இசையும் கெடும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்ட மஞ்சள் பாதை மெட்ரோ இதற்குச் சரியான இடம். அங்கிருந்து ஆர்.வி. சாலை வரை 16 நிலையங்களைக் கடக்க அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒன்பதே பாட்டுகள் கொண்ட ஆல்வேஸின் முதல் ஆல்பமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏறியதும் தொடங்கினால் இறங்கும்போது முடியும்.

நம் பக்கத்துச் சொந்தங்கள்

கனடாவில் பழகிய காது இங்கேயும் வேலை செய்யும். பெங்களூரின் சல்க் ஸ்டேஷன் குழுவில் தன்வி ராவின் குரல், ராகுல் கிரியின் மந்தமான மின்னணுத் தாளத்தின் மேல் இந்துஸ்தானிச் சாயலோடு மிதக்கும். கொல்கத்தாவின் பாரேக் அண்ட் சிங் இரட்டையரின் ‘ஓஷன்’ ஆல்பத்தை 2016இல் பிரிட்டிஷ் நிறுவனமான பீஸ்ஃப்ராக் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து வந்த ட்ரீம் பாப் என்றால் முதலில் கை நீட்ட வேண்டியது அதுதான். சென்னையின் எஃப் சிக்ஸ்டீன்ஸ் வேகமும் துள்ளலும் கூடுதலாக உள்ள குழு. ஆனால் அவர்களின் கித்தார் ஒலியில் இந்த வம்சத்தின் சாயல் தெரியும். கனடாவில் உள்ள வானொலி விதியோ நிதி அமைப்போ இவர்களுக்கு இல்லை. கேட்பவர்கள்தான் இவர்களுக்கு எல்லாம்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தக் குழுக்களில் ஒன்று உங்களுக்கு உண்மையிலேயே பிடித்துப்போனால், அதன் ஒரு ஆல்பத்தையாவது விலை கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணம் கட்டும் செலவு போக மீதி இசைஞருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ போகும். சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அதே பக்கத்தில், அந்த ஆல்பத்தை வாங்கிய மற்ற ரசிகர்கள் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். உங்கள் ரசனைக்கு நெருக்கமான ஒருவரின் சேகரிப்பு கிடைத்துவிட்டால், அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன கேட்பது என்ற கேள்வியே எழாது.