காலதரைச் சுற்றிய பழம்பூச்சு

ஜன்னலுக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ என்ற சொல் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சாளரம், பலகணி என்றும் நூல்கள் கூறும். நாம் வாயில் வழங்கும் ‘சன்னல்’ மட்டும் போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’விலிருந்து வந்தது. அவர்கள் ஒரு காலத்தில் ஆண்ட இந்தத் தீவிலே நாம் குடியிருந்துகொண்டு அந்தச் சொல்லையே சொல்லுவதும் பொருத்தம்தான். ஆனால் மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் காலதர் காற்று வரும் வழியாக இருப்பதில்லை, தண்ணீர் வரும் வழியாகிவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதை நம்மவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சயானில் முப்பத்தைந்து ஆண்டுகள் பெயிண்டும் ஹார்டுவேரும் விற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றே: “அண்ணாச்சி, ஜன்னல் ஓரம் ஒழுகுது, ஒரு ட்யூப் சிலிக்கான் கொடுங்க.” பழையதை எடுத்தீர்களா என்று கேட்டால் விழிப்பார்கள். பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது என்று சொன்னால், நான் வியாபாரத்துக்காகச் சொல்வதாக நினைப்பார்கள். அதற்காக நான் கூடுதலாக விற்றது ஐந்து ரூபாய்ப் பிளேடுதான்.

முதலில் ஓரத்தில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். மாட்டுங்கா, சயான் பக்கம் 1930, 40களில் எழுந்த மூன்று மாடிக் கட்டடங்களில் தேக்கு ஜன்னல்தான். கண்ணாடியைப் பதித்தது சுண்ணக்கல் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த லப்பம். இங்கே லாம்பி என்பார்கள். அது வயதாக ஆக எண்ணெய் இறுகிக் கல்லாகிவிடும், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். பிற்பாடு வந்த அலுமினியச் சறுக்கு ஜன்னலைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சிலிக்கான். நகத்தை வைத்து அழுத்திவிட்டால் ரப்பர் போல மீண்டுவரும். சிலர் எம்-சீலைப் பிசைந்து அப்பி வைத்திருப்பார்கள். சுவரின் உட்புறத்தில் ஜிப்சம் பலகை பதித்த வீடுகளில், பலகைக்குப் பின்னே ஜிப்சப் பசைக் கட்டிகள் ஊரில் சுவரில் வறட்டி தட்டியது போல வரிசையாக இருக்கும்.

இந்தக் கடைசி வகையால்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. எங்கள் வீட்டு மேற்குப் பக்கத்து அறையில் ஒரு காண்டிராக்டர் பழைய தேக்கு ஜன்னலை எடுத்து அலுமினியம் போட்டு, சுவருக்கு ஜிப்சம் பலகையும் ஒட்டினார். பார்க்க ஓட்டல் அறை போல இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு புழுக்க வாடை. வீட்டுக்காரிக்கு இரவில் இழுப்பு. மருந்து மாற்றிப் பார்த்தோம், மெத்தையை மாற்றினோம், குறையவில்லை. பலகையைப் பெயர்த்தால் பின்னால் கறுப்புப் பூஞ்சை, சேலை விரித்தாற்போல. காரணத்தைத் தேடியபோதுதான் தெரிந்தது: ஜன்னல் தடத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே விட்டிருந்த சின்னத் துளைகளையும் அவர் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டார்! தடத்தில் நிறைந்த நீர் உட்பக்கமாக வழிந்து பசைக் கட்டிகள் வழியே பலகைக்கு ஏறியிருக்கிறது.

ஜிப்சம் என்பது நீரைத் தன்னுள் கட்டி வைத்திருக்கும் கால்சியம் சல்பேட். அதைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் முக்கால் பங்கு நீர் போய் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகும். மறுபடி நீர் சேர்த்தால் பழையபடி கெட்டியாகிவிடும். வறுத்து ஊறவைக்கும் இந்தக் கதைதான் பலகைக்கும் பசைக்கும் அடிப்படை. ஆனால் ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையக்கூடியது, நனைந்தால் பலமிழக்கும். மழைக்கு எதிரே வைத்தால் அதுதான் குறை. பெயர்த்தெடுக்கும்போது அதுவே நமக்கு உதவி. வெந்நீர் நனைத்த கோணிச் சாக்கைக் கட்டிகள் மேல் அரைமணி நேரம் ஒட்டி வைத்து, பிறகு அகன்ற தகட்டுக் கரண்டியைச் சுவரோடு படிந்த சாய்வில் நுழைத்துத் தள்ளினால் அடை போலக் கழன்று வரும். காய்ந்த நிலையில் உளியைச் செங்குத்தாக அடித்தால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும். அருகில் மின்கம்பி, சுவிட்ச் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும்.

வினிகர் ஊற்றினால் கரையும் என்று பலர் நம்புகிறார்கள். சுண்ணாம்புக் காரைக்கு அது கொஞ்சம் வேலை செய்யும், ஏனென்றால் அது கார்பனேட். புளிப்பு பட்டால் நுரைக்கும். ஜிப்சத்தை அது தொடாது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் எது எதுவென்று ஓரளவு தெரிந்துவிடும். சில பசைகளில் சுண்ணக்கல் தூளும் கலப்பதால் லேசாக நுரைத்தால் ஏமாற வேண்டாம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் எடுத்துவராதீர்கள். அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

சிலிக்கானை எந்தத் தண்ணீரும் கரைக்காது. கூரிய பிளேடால் கண்ணாடி ஓரம் ஒரு கீறல், சட்டம் ஓரம் ஒரு கீறல் போட்டு, முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் இடியாப்பம் போல நீளமாக வரும். ஒட்டி நிற்கும் படலத்தை டர்பென்டைன் தொட்ட துணியால் தேய்த்தால் அது உப்பிச் சுருண்டு உருளும். (அடுப்பை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வையுங்கள்.) கடைசியில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சினால்கூடப் புதியது பிடிக்காது, பெயிண்டும் ஒட்டாது. எம்-சீல் எபாக்ஸி வகை. சூடு காட்டினால் இளகும், அப்போது சுரண்ட வேண்டும்.

பழைய தேக்கு ஜன்னலைத்தான் நான் பயந்து சொல்லுவேன். அதன் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். இரும்புக் கிராதியில் ஆரஞ்சு நிறத்தில் அடிப்பூச்சு தெரிந்தால் அது ஈயச் செந்தூரமாகவும் இருக்கலாம். மண்சிவப்பாக இருக்கும் ரெட் ஆக்சைடு வெறும் இரும்புத் துருவின் நிறந்தான், இரண்டையும் ஒன்றென்று குழப்பக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வந்து 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறை. அதற்கு முந்திய பூச்சு எதையும் நம்ப முடியாது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையைத்தானே வாயில் வைக்கும்? எங்கள் பேரன் இரண்டு வயதில் வந்திருந்த சமயம், உப்புத்தாளோடு வந்த ஆளை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். பிள்ளை ஊருக்குப் போன பிறகுதான் வேலை. தரையில் பிளாஸ்டிக் விரித்து, முகத்தில் என்-95 மாஸ்க் கட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே சுரண்டினோம். லப்பத்துக்குத் துணிக்கு ஆவி பிடிக்கும் கருவியைக் காட்டினால் கொஞ்சம் இளகும். அதிக வெப்பம் வீசும் கருவி கண்ணாடியை விரிசலாக்கும், ஈயப் புகையையும் கிளப்பும். லப்பத்துக்குள் கண்ணாடியைப் பிடிக்கும் குட்டி ஆணிகள் ஒளிந்திருக்கும், கத்தி அதில் இடறும். வேலை முடிந்ததும் துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் எறிந்துவிட வேண்டும்.

உடைந்த காரை இடுக்குகளில் எறும்பு முட்டையும் பல்லி முட்டையும் இருக்கும். உளி வைப்பதற்கு முன் மெல்லிய பிரஷ்ஷால் முறத்தில் தள்ளி வெளியே விடுவது எங்கள் வீட்டு வழக்கம். காண்டிராக்டர் ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இத்தனையும் ஏப்ரல், மே மாதங்களில் முடிய வேண்டும். ஈரச் சுவரில் எதுவும் பிடிக்காது. பெயர்த்த இடத்தைச் சிமெண்டால் சரிசெய்து, கீழ்ப்படியை வெளிப்பக்கம் சாய்வாக்கி, நன்றாக உலரவிட்டுப் பிறகு நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். காடி வாசனை அடிக்கும் மலிவான வகை சிமெண்ட், மார்பிள் மேல் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். ஆழமான இடுக்கில் முதலில் நுரைக் கயிற்றைத் திணித்து அதன்மேல் பூச வேண்டும். இறுகுவது நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுதான், அவசரப்படுத்த முடியாது. வெளிப்பக்கத்து வேலைக்கு ஜன்னலில் தொற்றி நிற்காதீர்கள், சொசைட்டி செகரட்டரியிடம் சொல்லிச் சாரம் கட்டும் ஆளைப் பிடியுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரைச் சறுக்குத் தடத்தில் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் வெளித் துளை வழியாக அது வடிய வேண்டும். தேங்கி நின்றால் துளையை அடைத்திருக்கிறார் என்று அர்த்தம், அங்கேயே நின்று திறக்கச் சொல்லுங்கள்.